மாத்திரைக்கு முந்தின நாட்கள்

சூடாமணி டீச்சர் மாதத்தில் பெரும்பாலான நாட்கள் பசு. மிச்ச நாட்களில் என்ன என்று சொல்லும் துணிச்சல், மயிலாப்பூரில் அவள் வேலை பார்த்த பெண்கள் ஹைஸ்கூலில் யாருக்கும் கிடையாது.

மாதவிலக்குக்கு முந்தின சில நாட்கள்தான் அவளுக்கு ஆகாதவை. தலை விண்விண்ணென்று தெறிக்கும். மார்பு கனக்கும். கால் வீங்கிச் செருப்பு கடிக்கும். யாராவது உடம்பு என்னவென்று கேட்டால் அழுகை வரும்; கேட்காவிட்டால் கோபம் வரும். விலக்கானதும் கோடை மழை விட்டாற்போல் எல்லாம் நின்றுவிடும். விலக்கு நாட்களில் வீட்டில் கொல்லைப்புற அறைதான் அவளுக்கு. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவாள். சம்பளத்துக்குத் தீட்டில்லை என்பது அவள் மாமியார் காலத்திலேயே தீர்ப்பாகிவிட்ட விஷயம்.

அவள் கணவர் பத்ரிநாராயணன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. சண்டை பிடிக்காத மனுஷர். அந்த ஆகாத நாட்களில் மட்டும் அவருக்குக் கபாலீஸ்வரர் மேல் பக்தி அதிகமாகிவிடும். ஆபீஸிலிருந்து நேரே கோயிலுக்குப் போய், சாமியே சலித்துக்கொள்கிற வரையில் உட்கார்ந்திருப்பார்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் நாற்பத்துநாலாம் வருஷம், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்தது. அடுத்து சூடாமணிதான் சீனியர். அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக் கமிட்டிக் காரியதரிசி, ஒரு வக்கீல், அவள் வகுப்புக்குள் வந்தார். பூகோள உருண்டையைத் தட்டிச் சுற்றிவிட்டு, ஜப்பான்காரன் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறான் என்பதைப் பெண் குழந்தைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். அது ஆகாத நாள். சூடாமணி உருண்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போய் அவரே ஜப்பானைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றாள்.

காரியதரிசி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளாத வக்கீலைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். அவர் தணிந்த குரலில் சொன்னார்: "உங்களுக்குத்தாம்மா அந்த இடம் வரணும். ஆனா ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியில மாசம் பூரா ஒரே ஆள் உட்காரணும். ரெண்டு பேர் மாத்தி மாத்தி உட்கார முடியாது."

சூடாமணி ராயப்பேட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் போனாள். ஜானகி என்று பெயர். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை; அதுவே பாதி மருந்தாக இருந்தது.

"இது உன் சுபாவமில்லே, உடம்பு," என்றாள் டாக்டர். "பி வைட்டமின் சாப்பிட்டாச் சில பேருக்குக் குறையறதுன்னு வெளிநாட்டுப் பத்திரிகையில எழுதறா. குறையும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். கெடுதல் இல்லே, பார்க்கலாம்."

ஆனால் மாத்திரை கடையில் கிடைக்காது. பட்டாளத்துக்குப் போனது போக மிச்சமெல்லாம் சர்க்கார் கையில் இருந்தது. அதற்கென்று தியாகராய நகரில் ஒரு கண்ட்ரோலர் ஆபீஸ் வைத்திருந்தார்கள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தபோது, போய்ப் பார் என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போது சூடாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபீஸ் பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு பங்களாவில் இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிய வருஷத்தில், அதன் சொந்தக்காரர் குடும்பத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம் ஓடிப் போனவர். ஓடிய அவசரத்தில் பூஜை அறைச் சாமிகளை விட்டுவிட்டார். சர்க்கார் பங்களாவைச் சாமிகளோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. தோட்டத்தில் மணல் மூட்டை அடுக்கிய பதுங்குகுழி ஒன்று பள்ளமாக இறங்கியது. அதற்கு யாரோ புதிதாக மரக் கதவு போட்டு, வெளிப்புறம் தாழ்ப்பாளும் போட்டிருந்தார்கள். பதுங்குகுழிக்கு எதற்கு வெளிப்புறத் தாழ்ப்பாள் என்று சூடாமணிக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு மறந்துவிட்டாள்.

சூப்பரிண்டெண்ட் ஷரஃபுதீன் மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று வரவேற்றார். டாக்டர் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கினார். இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் சூடாமணி.

"நல்லா இருக்கிறப்ப மாத்திரை எதுக்கும்மா?" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

விதி இதுதான் என்று விளக்கினார். சங்கடம் இருக்கும்போதே வந்து, அது இருப்பதை அதிகாரி கண்ணால் காணும்படி காட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து கோபம் வருகிறது என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்கிப் போக முடியுமா?

நியாயம்தான் என்று சூடாமணிக்குப் பட்டது. பசு நாட்களில் அவளுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

அடுத்த ஆகாத நாள் வந்ததும் லீவு போட்டுவிட்டுப் போனாள். கூடத்தில் பெஞ்சு போட்டிருந்தது. தலைக்கு மேல் ஓடாத மின்விசிறி. பியூன் கபாலிக்கு அன்றைக்கெல்லாம் ஒரே வேலை: ஒரு தகர டப்பாவைத் தரையில் போடுவான், எடுப்பான், மறுபடி போடுவான். நடுவில் அவள் பெயரை விசாலாட்சி என்று கூப்பிடுவான். இல்லை, சூடாமணி என்றால், அப்படியா என்று போய்விட்டு, மறுபடி வந்து விசாலாட்சி என்பான். ஒவ்வொரு தடவை டப்பா விழும்போதும் அவள் மண்டைக்குள் ஏதோ உடைந்தது. ஆனால் மனசில் ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலி நின்றது. புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் கறுப்பு புர்க்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒருத்தி இருந்தாள். அஸ்மத்துன்னிசா என்று பெயர். ராயப்பேட்டையில் கல்யாணத் துப்பட்டாக்களுக்கு ஜரிகை வேலை செய்கிறவள். அந்த நாட்களில் கை நடுங்கி ஊசி விரலில் ஏறிவிடுகிறதாம்.

"டீச்சரம்மா, அந்த ஆளு டப்பாவ சும்மா போடல," என்றாள் அவள் மெதுவாக. "நம்மள உரசிப் பாக்கறாங்க. நெருப்பு வருதான்னு."

பொழுது சாயும் நேரத்தில் ஷரஃபுதீன் வந்து கைகூப்பினார். அம்மா நாள் முழுவதும் வாய் திறக்கவில்லை, இவ்வளவு பொறுமைசாலிக்கு மாத்திரை தேவையில்லை என்று தீர்மானமாகியிருக்கிறது, ஆபீஸின் பாராட்டுகள்.

வீட்டில் பத்ரிநாராயணன் இதைக் கேட்டுவிட்டு வெகு நேரம் யோசித்தார். "அடுத்த தடவை உள்ளதை உள்ளபடி காட்டிடு, சூடாமணி. என்கிட்டே காட்டறதுல பாதி காட்டினாப் போறும், வண்டி வெச்சு மாத்திரையைக் கொண்டுவந்து இறக்கிடுவா," என்றார். அன்றும் ஆகாத நாள்தான் என்பது அவருக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது; உடனே கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டார்.

அடுத்த மாதம் அவள் போன அன்று கண்ட்ரோலரே கூடத்துக்கு வந்து பேசினார். ராவ் சாகிப் ஆபத்சகாயம். உருண்டையான, பளபளப்பான மனுஷர். யுத்த காலத்தில் ஊரில் எல்லோரும் இளைத்துக்கொண்டிருக்க, அவர் கன்னத்தில் மட்டும் ரத்தம் ஓடியது.

"தாய்மார்களே," என்று ஆரம்பித்தார். "இதற்கு முன்னால் மண்ணெண்ணெய் கண்ட்ரோல் என் கையில் இருந்தது. நான் பொறுப்பேற்றபோது வாசலில் கூட்டம் தாங்காது. நான் விட்டு வரும்போது ஒருவர்கூட மண்ணெண்ணெய் கேட்டு வரவில்லை. இருட்டிலேயே இருக்கப் பழகிவிட்டார்கள். அதுதான் நிர்வாகம். உங்கள் சங்கடத்தையும் அப்படியே தீர்த்து வைப்பேன். ஆனால் ஏமாற்ற நினைக்காதீர்கள். பெண்களின் கோபம் நிஜமா, நடிப்பா என்று எனக்குத் தெரியும். என் சம்சாரம் முப்பது வருஷமாக நடிக்கிறாள். இன்றுவரை நான் அவளை ஒரு வார்த்தை என்னவென்று கேட்டதில்லை."

யாரும் கை தட்டவில்லை. கபாலி மட்டும் தட்டினான். அது அவன் உத்தியோகம்.

பிறகு டப்பா விழ ஆரம்பித்தது. சூடாமணி இந்தத் தடவை தலைப்பைக் கடிக்கவில்லை. எழுந்து போய் அந்த டப்பாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். அவள் தலைவலிக்கும் இந்தத் தகரத்துக்கும் என்ன சம்பந்தம், இது ஆபீஸா அல்லது பைத்தியக்கார ஆஸ்பத்திரியா என்று ஷரஃபுதீனைக் கேட்டாள். மாதக்கணக்கில் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. அஸ்மத்துன்னிசாவும் சேர்ந்துகொண்டாள், அவளுக்கு உருது, தமிழ் இரண்டு பாஷையும் கைகொடுத்தன.

ஷரஃபுதீன் முகம் மலர்ந்தது. நிரூபணமாகிவிட்டது என்றார். இரண்டு பேருக்கும் மாத்திரை உண்டு. ஆனால் அதிகாரியிடம் உரக்கப் பேசியவருக்கு, அவர் அமைதியாகிற வரையில் எதையும் கொடுப்பதற்கில்லை, இதுவும் விதிதான். அமைதியாவதற்கு அமைதி அறை இருக்கிறது.

அமைதி அறை என்பது தோட்டத்துப் பதுங்குகுழி.

சூடாமணி அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். இப்போது தாழ்ப்பாளின் அர்த்தம் விளங்கியது. கோபம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. தான் அமைதியாகிவிட்டதாக மிகவும் தணிந்த குரலில் சொன்னாள். அவளை நாளைக்கு வரச் சொன்னார்கள். அஸ்மத்துன்னிசா தணியவில்லை. தன்னை எதற்காக அங்கே கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே படி இறங்கினாள். அவள் கேட்டது உரக்கப் பேசிய கணக்கில் சேர்ந்தது.

மறுநாள் விடியும்போதே சூடாமணிக்கு விலக்காகிவிட்டது. தலை தெளிந்தது, கால் வீக்கம் வடிந்தது. தெளிந்த முகத்தோடு தியாகராய நகருக்குப் போனாள். கபாலி கேட்டிலேயே நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டு, தூரமா என்று கேட்டான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், ஆமாம் என்றாள்.

"அப்ப உள்ள போவ முடியாதும்மா. மாத்திர டப்பால்லாம் சாமி ரூம்ல கீது. அங்கதான் குளிர்ச்சியா கீதுன்னு பெரிய சாரு வெச்சிட்டாரு. கையெயுத்துப் போட்டு நீங்களே சாமி ரூம் வாசல்ல வந்து வாங்கிக்கணும். தலைக்கு ஊத்திக்கினு வாங்க."

அஸ்மத்துன்னிசாவுக்கும் அதே சட்டம்தானா என்று சூடாமணி கேட்டாள். அதே சட்டம்தான் என்றான் கபாலி. அவர்கள் வீட்டில் அந்த வழக்கமில்லை என்று அந்தம்மா சொல்லிப் பார்த்தாளாம். தன் வீட்டு அடுப்புக்கு இல்லாத பயம் இந்த மாத்திரைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டாளாம். அதற்காக அமைதி அறையில் இன்னும் கொஞ்ச காலம் போட்டிருக்கிறார்களாம்.

தலைக்குக் குளித்துவிட்டு சூடாமணி மறுபடி போனாள். ஷரஃபுதீன் எழுந்து நின்று வரவேற்றார்.

"இப்ப எப்படி இருக்கீங்கம்மா?" என்றார்.

அவள் கைகூப்பிவிட்டுத் திரும்பினாள். அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துவிட்டது. சங்கடம் இருந்தால் சத்தம் போடுவாள், சத்தம் போட்டால் மாத்திரை இல்லை. சத்தம் நின்றால் தூரம். தூரம் தீர்ந்தால் சங்கடம் இல்லை. செக்குமாடு சுற்றும் வட்டத்திலாவது ஒரு சொட்டு எண்ணெய் வரும்.

திரும்பும்போது பதுங்குகுழிப் பக்கமாக வந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து, வெளியே யார், இன்றைக்கு என்ன கிழமை என்று ஒரு குரல் கேட்டது. கிழமையைச் சொன்னாள். தான் பாதியில் விட்டு வந்த துப்பட்டாவுக்குரிய கல்யாணம் முடிந்துபோயிருக்கும் என்றது குரல்.

அடுத்த ஆகாத நாட்கள் நெருங்கியபோது அவள் வீட்டுக் கதவில் ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டினார்கள். விமானத் தாக்குதலுக்கு முன்னால் சங்கு ஊதுகிற மாதிரி, ஆகாத நாட்களுக்கு முன்னால் அக்கம்பக்கத்தாருக்கு எச்சரிக்கை கொடுப்பது ஆபீஸின் புதுத் திட்டம்; நாட்கள் தீர்ந்ததும் அவர்களே வந்து கிழித்துக்கொண்டு போவார்கள். ஒட்ட வந்த ஆள் மிகவும் பவ்யமானவன். பசையைத் துடைக்கத் துணிகூடக் கொண்டுவந்திருந்தான். பால்காரன் பாலைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனான். எதிர்வீட்டுக்காரர்கள் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். பத்ரிநாராயணன் முதலில் ஆத்திரப்பட்டார். பிறகு தெருமுனையிலிருந்தே காகிதம் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அப்படியே கோயிலுக்குத் திரும்பிப் போக ஆரம்பித்தார். சூடாமணி அதைக் கவனித்தாள். அவரும் அவள் கவனித்ததைக் கவனித்தார்.

பள்ளிக்கூட கேட்டிலும் ஒரு காகிதம் வந்தது. காரியதரிசி அதைக் கிழிக்கச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். எவ்வளவு சௌகரியம் என்றார்.

கபாலிதான் ஒரு நாள் உண்மையைச் சொன்னான். அவனும் ஈரம் உள்ளவன்தான். பஸ் நிற்கிற இடம் வரையில் கூடவே வந்து, யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, இனிமேல் அலைய வேண்டாம் என்றான்.

"டப்பால ஒண்ணும் இல்லம்மா. பெரிய சாரு காலைல ரெண்டு போட்டுக்கினு, சாயங்காலம் ரெண்டு போட்டுக்கினு போறாரு. சூப்ரண்டு சாருக்கு ஒண்ணு. உங்கள மாதிரி கோவக்காரங்கள டெய்லி பாக்கறாங்கல்ல, ஒடம்பு தாங்கணுமே. இன்னா பண்றது?"

அவனுக்கு உண்டா என்று கேட்டாள். வெட்கப்பட்டுச் சிரித்தான். தரையில் போடுகிற டப்பா மட்டும் அவனுக்கு.

இதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருப்பாள். ஆனால் ஒரு சாதாரண நாளில், அவளுக்குத் தலைவலி இல்லாத, செருப்பு கடிக்காத, நல்ல நாளில், கண்ட்ரோலரிடமிருந்து ஆள் வந்தது. போனால், ராவ் சாகிப்பின் அறையில் காரியதரிசி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவள் உட்காரவும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. சுவரில் பெரிய பலகை ஒன்று. அதில் சாக்கட்டியால் பெண்களின் பெயர்களும் அவரவர் ஆகாத நாட்களும். தன் பெயர் மேலே இருப்பதைப் பார்த்தாள். அஸ்மத்துன்னிசாவின் பெயருக்கு எதிரே நாட்களே இல்லை. ஒரு நீளமான கோடு மட்டும் பலகையின் ஓரம்வரை போயிருந்தது.

காரியதரிசி நல்ல செய்தியை முதலில் சொன்னார். ஹெட்மிஸ்ட்ரஸ் பதவி அவளுக்குத்தான். கமிட்டி ஏகமனதாக முடிவு செய்துவிட்டது. நாள் முழுவதும் தலைப்பைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளாமே, அதைக் கேட்டதிலிருந்து அவள் மேல் அவருக்கு மதிப்பு உயர்ந்துவிட்டதாம்.

ராவ் சாகிப் மேஜைமேல் ஒரு மாத்திரை டப்பாவை வைத்தார். "இது ஆபீஸின் அன்பளிப்பு. பதிலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. உங்கள் பள்ளியில் பெரியவளான பெண்கள் இருக்கிறார்கள். உங்களிடம் கூச்சமில்லாமல் சொல்வார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையிலும் இப்படி ஒரு பலகை மாட்டுவோம். ஆகாத நாள் வரும் முன்பே குழந்தைகளை இங்கே அனுப்பிவிடலாம். கோபம் வந்த பிறகு அடக்குவது கஷ்டம். வருவதற்கு முன்னால் உள்ளே வைத்துவிட்டால் வந்ததே தெரியாது. தோட்டத்தில் இன்னும் இரண்டு பள்ளம் வெட்டச் சொல்லியிருக்கிறேன்."

ஜன்னல் வழியாக மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தோட்ட வேலை என்று அதுவரையில் நினைத்திருந்தாள்.

நாற்காலி அவளுக்குப் பிடித்த நாற்காலிதான். பதினைந்து வருஷ ஆசை. எட்டாம் வகுப்பு ஜலஜாவை நினைத்துக்கொண்டாள். போன வாரம் கணக்குப் பாடத்தின் நடுவே காரணமில்லாமல் அழுதவள். சூடாமணி அவளைப் பூகோள அறையில் தனியாக உட்காரவைத்து, இது உன் சுபாவமில்லை, உடம்பு என்று சொல்லியிருந்தாள்.

"அந்த ஜரிகை வேலைக்காரம்மா எப்போ வெளியே வருவா?" என்று கேட்டாள்.

பலகையருகே நின்றிருந்த ஷரஃபுதீன் பெருமூச்சு விட்டார். அந்தம்மா இன்னும் அமைதியாகவில்லை. எப்போது விடுவீர்கள் என்று தினமும் கேட்கிறார். கேட்கிறவரையில் எப்படி விடுவது?

சூடாமணி டப்பாவைக் கையில் எடுத்தாள். காற்றைத் தூக்குவதுபோல் இருந்தது. அதை மறுபடி மேஜைமேல் வைத்து, ராவ் சாகிப்பின் பக்கமாக ஒரு விரலால் தள்ளினாள். அது உருண்டு, அவர் மடியில் விழுந்து, தரையில் விழுந்து, கபாலி போடுகிற டப்பாவின் அதே சத்தத்தோடு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

"என் பொண்கள்ல ஒருத்தி தேதிகூட இந்தச் சுவர்ல ஏறாது," என்றாள். குரல் உயரவில்லை, பாடம் சொல்கிற குரல்தான். "நாற்காலியை நீங்களே வெச்சுக்கோங்கோ. அந்தக் கதவைத் திறந்து அவளை விடுங்கோ. இல்லேன்னா இங்கே நடக்கறதை மயிலாப்பூர்ல வீடு வீடாப் போய்ச் சொல்வேன். காகிதம் ஒட்டின கதவா இருந்தா முதல்ல தட்டுவேன்."

எழுந்து வெளியே நடந்தாள். தாழ்வாரத்தைத் தாண்டும்போது உள்ளே பேச்சு நின்றுபோயிருந்ததைக் கவனித்தாள். பிறகு ராவ் சாகிப்பின் குரல் வந்தது. அதில் கோபமில்லை, பொருள் பதுக்கிய இடத்தைக் கண்டுபிடித்த அதிகாரியின் நிதானம்தான் இருந்தது.

"பலகையைப் பாரும். இன்றைக்கு இவர் நாளா?"

"இல்லைங்க சார். அதுக்கு இன்னும் ரொம்ப நாள் கிடக்கு."

"அப்படியென்றால் நாம் நினைத்ததைவிடப் பெரிய வியாதி. நல்ல நாளிலேயே வருகிறது." நாற்காலி நகரும் சத்தம். "நாள் கணக்கை எல்லாம் அழித்துவிடும். பெயர் மட்டும் இருந்தால் போதும்."

எல்லா நாளுமா என்று காரியதரிசி சன்னமாகக் கேட்டார். எல்லா நாளும், எல்லோரையும் என்றார் ராவ் சாகிப்.

ஈரத் துணியால் பலகையைத் துடைக்கும் சத்தம் அவள் பின்னாலேயே வந்தது. சூடாமணி தோட்டத்தில் இறங்கினாள். புதிதாக வெட்டிய மண்ணின் வாசனை. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஜட்கா போனது. யாரோ பூக்காரி விலை சொல்லிக்கொண்டே போனாள். கேட் பத்தடியில் இருந்தது. அவள் கேட்டுக்குப் போகாமல் பதுங்குகுழியின் படிக்குப் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். பூட்டு தொங்கியது.

"டீச்சரம்மாவா?" என்றது உள்ளிருந்து குரல். "நான் இப்பல்லாம் ஒண்ணுமே கேக்கறதில்லை. அவங்க கிட்ட சொல்லுங்க."

சாவி யாரிடம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தாள். கபாலி கேட்டின் இரண்டு கதவுகளையும் சேர்த்துச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் நின்றது உள்பக்கம். சாவிக் கொத்து அவன் இடுப்பில் ஆடியது. கேட்டைத் திற என்றாள். பதுங்குகுழியைத் திற என்றாள். அவன் பூட்டை அழுத்தி, பூட்டியாயிற்றா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் வந்தான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

"கோச்சுக்காதீங்கம்மா," என்றான். "கோச்சுக்கினா இன்னும் லேட்டாவும்."